கரண்டுக்கு ஒரு சாட்சி

"…ஐஸ் பொட்டி மேலயும் தப்பு இல்லியாம், லைன் மேலயும் தப்பு இல்லியாம், அப்போ நான் தொட்டதாலதான் கம்ப்ரசர் எரிஞ்சுதா, நீயே சொல்லு நைனா!"

பசியாவரம் தீவிலிருந்து படகில் வரும் இறாலை வாங்கி, பெரிய ஃப்ரீசரில் சேர்த்துவைத்து விற்கும் எங்கள் தெரு அக்காதான் இப்படிக் கேட்டார். ஒரே கோடையில் இரண்டு கம்ப்ரசர் போய்விட்டன. மூன்றாவதும் போனால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான். சாயங்காலமானால் குப்பத்தில் அத்தனை பல்பும் மங்கிவிடும். அது கரண்ட் ஆபீசைத் தவிர எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வந்து அளப்பது காலை பதினொரு மணிக்கு. அந்நேரம் வோல்டேஜ் புது மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நிற்கும். "உங்க வீட்டு லோடுதாம்மா ஜாஸ்தி" என்று அதிகாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆக, வோல்டேஜையும் அக்கா வீடு இழுக்கும் கரண்டையும் நாள் முழுக்கக் குறித்துவைக்க ஒரு மெஷின் வேண்டும். ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே மின்சாரம் கற்றுக்கொண்ட என்னை விட்டால் வேறு நிபுணர் ஏது?

போனில் தேடினேன். முதலில் வந்தது தொழிற்சாலைகளுக்கான பதிவுக் கருவி. அருமையான பொருள். ஃப்ரீசரையும் வீட்டையும் விற்றால் வாங்கிவிடலாம். அப்புறம் அளக்கத்தான் ஒன்றும் இருக்காது. அடுத்தது வைஃபை பிளக். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாமாம். எங்கள் மூலை அதில் சேராது. இங்கே சிக்னல் வேண்டுமென்றால் மணல்மேட்டில் ஏறி நிற்க வேண்டும். மூன்றாவது, பிளக்கில் சொருகும் சின்ன மீட்டர். விலை மலிவு, எண்ணும் பளிச்சென்று தெரியும். என்ன, ஒரு நிமிடம் முன்னால் காட்டியது அதற்கே நினைவிருக்காது. அரசியலுக்குப் போயிருக்க வேண்டிய சாமான்.

கடைசியில் அகப்பட்டது அளந்ததை மெமரி கார்டில் எழுதிவைக்கும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. கரண்டை அளக்க, ஒயரைச் சுற்றி மாட்டும் வளையம் ஒன்றும் கூடவே வந்தது. உப்புக் காற்று தின்றுவிடாமல் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, அக்கா வீட்டு மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வோல்டேஜ் ஒழுங்காகப் பதிவாகியிருந்தது. கரண்டு பூஜ்யம். ஏழு நாளும் பூஜ்யம்.

"இறாலு கல்லாட்டம் உறைஞ்சு கெடக்கு, உன் மிஷினு கரண்டே போலன்னுது. இன்னா மூளை நைனா உனுக்கு!"

நிபுணர் இரண்டு கம்பியையும் சேர்த்து வளையத்துக்குள் விட்டிருக்கிறார். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டால் வளையம் எதைத்தான் பார்க்கும்? ஒரு கம்பியை வெளியே எடுக்கக் குனிந்தேன்.

"அத்த ஏன் மாத்துற? நான் கரண்டே எடுக்கலன்னு காட்டுனா போதுமே!"

"அப்போ ஃப்ரீசர் எப்படி ஓடுச்சுன்னு அதிகாரி கேப்பாருக்கா." ஒரு கம்பியை வெளியே எடுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

அக்கா சுவிட்சுப் பக்கம் கை நீட்டினார். "அப்போ நெசமாவே நிறுத்திப் பாத்துடலாமா?"

ஃப்ரீசருக்குள்ளே அந்த வாரத்துச் சரக்கு முழுவதும் இருந்தது. அக்கா அதைப் பார்க்காமலேயே சுவிட்சை அணைத்தார். ஃப்ரீசர் மேல் கம்பளி, கம்பளி மேல் சாக்கு. மெஷினைத் தவிர வீடே அணைந்து கிடந்த அந்தச் சாயங்காலமும் வோல்டேஜ் வழக்கம்போலச் சரிந்தது. கரண்டும் பூஜ்யம், இந்த முறை நிஜப் பூஜ்யம்.

மறுநாள் மாலை அந்தக் கணக்கைத் தாளில் எடுத்துக்கொண்டு இருவரும் ஆபீசுக்குப் போனோம். "இந்த மெஷினுக்கு சர்டிஃபிகேட் இருக்கா?" என்றுதான் அதிகாரி ஆரம்பித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"லோடே இல்லாதப்ப எறங்கிருக்கே…"

"அத்தத்தான் சார் நானும் இத்தினி நாளா கத்தினு கெடந்தேன்."

"சரிம்மா. லைன்மேனை வந்து பாக்கச் சொல்றேன். நீங்க கிளம்புங்க."

அக்கா கிளம்பினார். குப்பத்தில் பல்பு மங்கும் நேரம் நெருங்கியிருந்தது. வாசலில் லைன்மேன் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தார். அக்கா புடவையை இழுத்துச் செருகி, அவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.