தரையைப் பார்த்த ஸ்பீக்கர்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் எங்கள் கலாட்ஸ் ஊருக்கு வந்து எங்கள் கட்டடத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். இது நடுராத்திரிக் கதை இல்லை. பட்டப்பகலில், சமையல் வாசனை போகாத ஒரு வீட்டில் நடந்தது. டிபி என் எதிர்வீட்டுக்காரன். அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். பொய் சொல்கிற சாமர்த்தியம் அவனுக்குக் கிடையாது. வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் உருப்படியாகச் சொன்னான். அதனால் வந்த வினைதான் இது.

டிபெரியு என்பது முழுப்பெயர். கப்பல் கட்டும் தளத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போன இலையுதிர் காலத்தில் ஹோம் தியேட்டர் வாங்கினான். அவன் வீட்டுக் கூடமோ தீப்பெட்டி அளவு. அதில் ஸ்பீக்கர்களை வைப்பதற்குள் மனுஷன் படாதபாடு பட்டான்.

முதல் தகராறு சென்டர் ஸ்பீக்கரோடு. படத்தில் வரும் பேச்செல்லாம் அதன் வழியாகத்தான் வரும். டிவிக்குக் கீழே அலமாரிக்குள் தள்ளி வைத்தான். எல்லோரும் பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவதுபோல் கேட்டது. பிறகு விளிம்புவரை இழுத்து, அடியில் ஒரு ரப்பர் துண்டைச் செருகி, மூக்கைத் தூக்கி, உட்காருகிறவன் காதுக்கு நேராக வைத்தான். பேச்சு கணீரென்று வந்தது.

அடுத்தது சப்ஊஃபர், அடித்தொனியை அதிர விடுகிற பெட்டி. அதற்கு இடம் பிடிப்பது ஒரு வேடிக்கை. நாம் உட்காரும் இடத்தில் ஊஃபரைத் தூக்கி வைக்க வேண்டும். பாட்டைப் போட்டுவிட்டு நாம் தரையில் தவழ வேண்டும். எந்த மூலையில் அதிர்வு நிறைவாகக் கேட்கிறதோ அதுதான் ஊஃபருக்கு இடம். இங்கிருந்து அங்கே எப்படிக் கேட்குமோ, அங்கிருந்து இங்கேயும் அப்படியே கேட்கும். அவ்வளவுதான் கணக்கு.

ஒரு ஞாயிறு பகல். இரண்டிலிருந்து நாலு வரை சத்தம் கூடாது என்று எங்கள் வாசலில் பலகையே உண்டு. டிபி அந்த நேரம் பார்த்துத்தான் தவழ ஆரம்பித்தான். அவன் மனைவி சிமினா தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா கோலம் இது? போட்டோ எடுத்து உங்கம்மாவுக்கு அனுப்பட்டுமா, பையன் தவழ ஆரம்பிச்சுட்டான்னு?"

"போடி, போடி. பஸ் போயிடப் போகுது."

"கீழ் வீட்டம்மா கரண்டியை எடுக்கப் போறாங்க, பாரு."

கீழ் வீட்டம்மா என்றால் அக்லாயாம்மா. தனிக்கட்டை. எல்லா மாடிக்கும் ஊடே போகும் வெந்நீர்க் குழாயில் கரண்டியால் தட்டுவார். டக்டக்டக். தொடர்ந்து மூன்று. 'சத்தத்தைக் குறை' என்று அர்த்தம். எங்கள் ஊரில் குழாய்த் தட்டுக்கு வேறு அர்த்தமே கிடையாது.

சிமினா போனதும் ஒலியைக் கூட்டினான். ஜன்னலோர மூலையில், குழாய்க்குப் பக்கத்தில், அதிர்வு நெஞ்சுக்குள் இறங்கியது. இடம் கிடைத்துவிட்டது. தரையில் காதை வைத்துப் படுத்தே கேட்டான்.

டக் டக்... டக்.

குழாயில்தான். இரண்டு. சற்று நிறுத்தி, ஒன்று.

'கிழவிக்குத் தாளம் தப்பிடுச்சு' என்று சிரித்தான். மறுபடியும் அதே தட்டு. விடாமல். அவனுக்கு எரிச்சல் வந்தது. எழுந்து போய் ஒலியை இன்னும் ஏற்றினான். கொஞ்ச நேரத்தில் தட்டு நின்றது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தான்.

மறுநாள் சாயங்காலம், போனை எடுக்கவில்லையே என்று பக்கத்து ஊர் பிராய்லாவிலிருந்து ஓடி வந்தாள் அக்லாயாம்மாவின் மகள் ஸ்மராண்டா. பூட்டைத் திறந்தால், அம்மா தரையில். ஜன்னலோர மூலையில், குழாய்க்குப் பக்கத்தில். சனிக்கிழமை இரவே விழுந்திருக்கிறார். உயிர் போனது ஞாயிறு சாயங்காலம்.

மகள் வீடு வீடாக வந்து கேட்டாள்.

"ஏதாவது சத்தம் கேட்டுதாண்ணே?"

"இல்லம்மா. ஒண்ணும் கேக்கல" என்றான் டிபி.

அந்த ஒரு பொய் இதுதான். சவப்பெட்டியை அவனும் தோள் கொடுத்துத் தூக்கினான். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை.

நாற்பதாம் நாள். சர்க்கரை தூவிய கோதுமைப் படையலோடு, அம்மாவின் சாய்வு நாற்காலியையும் டிபிக்கே கொடுத்தாள் ஸ்மராண்டா. எங்கள் பக்கம் இறந்தவர் பெயரில் ஒரு பொருளைக் கொடுத்தால் அது அந்த உலகத்தில் அவருக்கே போய்ச் சேரும். ஆனால் வாங்குகிறவன் 'போக்தப்ரோஸ்தே', அதாவது இறந்தவரைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் சேரும். டிபி வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். அது டிவிக்கு எதிரே சரியாகப் பொருந்தியது.

மறுநாள் செய்தி கேட்க டிவியைப் போட்டான். பானைக்குள்ளிருந்து வருவதுபோல் பேச்சு. குனிந்து பார்த்தான். சென்டர் ஸ்பீக்கர் மூக்கைத் தொங்கப்போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சிமினா, இதைத் தொட்டியா?"

"தூசி தட்டக்கூட என்னை விடமாட்டியே. நான் ஏன் தொடறேன்?"

நிமிர்த்தி வைத்தான். அடுத்த நாளும் தரையைப் பார்த்தது. ரப்பர் துண்டு பக்கத்தில் தனியாகக் கிடந்தது.

நிமிர்த்தினான். தொங்கியது. நிமிர்த்தினான். தொங்கியது.

ஒரு நாள் அது பார்க்கும் திசையில் கண்ணை ஓட்டினான். ஜன்னலோர மூலை. அந்தத் தரையில் ஒருவர் படுத்திருந்தால்... காது இருக்கும் உயரம்.



அடுத்த ஞாயிறு. பகல் இரண்டரை. சிமினா வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

டக் டக்...

டக்.

குழாயிலிருந்து இல்லை. ஊஃபரிலிருந்து.

பிளக்கைப் பிடுங்கினான்.

டக் டக்...

ஒயர் அவன் கையில் இருந்தது.

டக்.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் பிராய்லா பஸ்ஸில் ஏறினான். ஸ்மராண்டா கதவைத் திறந்ததுமே கொட்டிவிட்டான்.

"பொய் சொல்லிட்டேம்மா. அன்னைக்கு உங்கம்மா குழாயைத் தட்டினாங்க. சத்தத்துக்குத்தான் தட்டறாங்கன்னு நினைச்சேன். நான்... இன்னும் கூட்டி வச்சேன்."

அவள் திட்டவில்லை. அவனையே பார்த்தாள்.

"எங்கம்மாவா தட்டினாங்க? பக்கவாதம்ணே. கழுத்துக்குக் கீழ ஒரு விரல்கூட அசைஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு."

"இல்லம்மா, சத்தியமா கேட்டேன். இப்படித்தான்."

மேசையில் தட்டிக் காட்டினான். இரண்டு. நிறுத்தி, ஒன்று.

ஸ்மராண்டா மெல்ல உட்கார்ந்தாள்.

"இன்னொரு தடவை தட்டுங்க."

தட்டினான்.

"அது எங்கப்பா தட்டு. படகு வேலை முடிஞ்சு வந்தா கதவை அப்படித்தான் தட்டுவாரு."

"அவரு..."

"நீங்க அங்க குடிவர்றதுக்கு முந்தியே தவறிட்டாரு."

டிபிக்கு ஒரே ஓர் ஆசைதான் மிச்சம் இருந்தது.

"அப்போ உங்கம்மாவுக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது, இல்லையாம்மா? நினைவே இருந்திருக்காது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நினைவு இருந்திருக்கும்ணே. காது நல்லா கேட்டிருக்கும்னு சொன்னாரு டாக்டர்."

டிபி எழுந்தான். வாசலில் நின்று, நாற்பதாம் நாள் சொல்லாமல் விட்ட வார்த்தையைச் சொன்னான். போக்தப்ரோஸ்தே. சொல்லும்போதே அழுதுவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டியிருந்தது. ஊஃபரின் பிளக் தரையில் கிடந்தபடியே கிடந்தது. ரப்பர் துண்டு அலமாரிமேல் தனியாக இருந்தது. சென்டர் ஸ்பீக்கர் மட்டும் நிமிர்ந்திருந்தது. அக்லாயாம்மாவின் நாற்காலிக்கு நேராக, உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு.

அதை அவன் பிறகு தொடவே இல்லை. அந்த நாற்காலியில் உட்காரவும் இல்லை. படம் போட்டால், ஜன்னலோர மூலையில் தரையில் படுத்துக்கொண்டுதான் கேட்கிறான்.