முடியும் சார்

டெக்சஸில் ஃபோன் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் நான் டெஸ்ட் இன்ஜினியர். எங்கள் மேலாளர் ஃபின்லாந்துக்காரர். சொந்த ஊர்க் காகித ஆலையில் மெஷினுக்கு எண்ணெய் போடுவதில் ஆரம்பித்து, படித்து இன்ஜினியராகி, மூன்று நாடுகளில் தொழிற்சாலை நடத்திவிட்டு இங்கே வந்திருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேள்வி கேட்பார், பதில் சொன்ன பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்த மாதிரி நான் எந்த வாத்தியாருக்கும் பயந்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் வாரம் தவறாமல் யாராவது வேலை போய், அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனார்கள். என் விசா இந்த வேலையை நம்பி இருந்தது. வேலை போனால் நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து, புது டெஸ்ட் மெஷின் வெள்ளிக்கிழமைக்குள் தயாராகுமா என்று மீட்டிங்கில் கேட்டார். மூன்று வாரமாவது ஆகும். ஆனால் மேலதிகாரி கேட்டு, முடியாது என்று சொல்லிப் பழக்கமே கிடையாது எனக்கு. முடியும் சார் என்றேன்.

"முடியாதுன்னு சொன்னா கடிச்சா தின்னுடுவாரு?" என்றாள் மனைவி, அன்று இரவு வீட்டில். "இப்ப லேஆஃப் லிஸ்ட்ல உங்க பேரத்தான் ஃபர்ஸ்ட் போடுவாரு."

புதன்கிழமை அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்கார்ந்தேன். வழக்கம்போல அவர் பேசவில்லை. பொறுக்க மாட்டாமல் நானே எல்லாவற்றையும் கொட்டினேன்: மூன்று வாரம் ஆகும், இன்னும் பாகங்களே வரவில்லை, நான் சொன்னது பொய்.

தெரியும் என்றார். அவர் கூப்பிட்டது அதற்கில்லை. பாதிப் பேரை அனுப்பிவிட்டு இதே வேலையை முடிக்க முடியுமா என்று தலைமையகம் கேட்டதாம். முடியாது என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டாராம். அதனால் வெள்ளிக்கிழமையோடு அவர் வேலை முடிகிறது.

"அடுத்து வருபவர் உங்களிடமும் இதையே கேட்பார்," என்றார். "உண்மையைச் சொல்லுங்கள்."

இத்தனை வருட உத்தியோகத்தை ஒரு வரியில் விட்டவர், கை கொடுத்துவிட்டுத் தன் மேஜையை ஒழிக்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை வந்த புதியவர் சிரித்துச் சிரித்துப் பேசினார். என் குழுவில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். நான்கு பேரை வைத்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டார். காகித ஆலைக்காரரின் முகம் ஞாபகத்துக்கு வராமல் இல்லை.

முடியும் சார் என்றேன்.

மிஞ்சிய நான்கு பேரில் நானும் ஒருவன். மற்ற நான்கு பேரும் அன்று மதியம் என் முகத்தைப் பார்க்காமல் பெட்டி கட்டினார்கள்.