எனக்கு மட்டும் நின்றுபோன வண்டி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய காலை. கோவை சரவணம்பட்டியில் ஒரு காலேஜ் மைதானத்தில் எனக்கு வேலை. பல வருஷம் சருகு கூட்டிக்கொண்டிருந்தவளை, உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் வண்டியில் ஏற்றி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் “எங்கம்மா டிரைவர்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். அவளைவிட எனக்குத்தான் பெருமை அதிகம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அன்று வண்டி கால்மணி நேரம் நன்றாக ஓடிவிட்டு, விக்கி விக்கி நடு மைதானத்தில் நின்றுவிட்டது. எங்கள் சூப்பர்வைசர் வந்தார். டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார், மூடினார், சாவியைத் திருப்பினார். உடனே ஓடியது! ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டு இறங்கினார். நான் ஏறிக் கொஞ்ச நேரத்தில் மறுபடி நின்றது. மெக்கானிக் வந்தார். அவரும் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், பெட்ரோல் ஃபில்டரை மாற்றினார், ஓட்டினார். அவருக்கும் ஓடியது. அவர் கிளம்பிப் போனதும் எனக்கு நின்றது.

“எல்லாருத்துக்கும் ஓடுது, உனக்கு மட்டும் நின்னுபோகுதுன்னா என்ன அம்மணி அர்த்தம்?” என்றார் சூப்பர்வைசர். “பரவால்ல உடு. நாளைக்கிருந்து பழையபடி கூட்டற வேலையப் பாத்துக்கோ. வண்டிக்கு வேற ஆளைப் போட்டுக்கலாம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவ்வளவு தன்மையாகச் சொன்னதில், எனக்குத்தான் கை வரவில்லை என்று நானே நம்பிவிட்டேன். மகளிடம் என்ன சொல்வது என்பது மட்டும்தான் மனசில் ஓடியது.

மிச்சமிருந்த ஓரத்தையாவது வெட்டிவிட்டு இறங்கலாம் என்று ஏறினேன். நின்றது. பக்கத்தில் யாருமில்லை. அவர்களைப் போல நானும் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்றை உள்ளே இழுக்கிற சத்தம். மூடிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். எனக்கும் ஓடியது! அப்போதுதான் வீட்டு எண்ணெய் டின் ஞாபகம் வந்தது. ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் இறங்காமல் மக்கர் பண்ணும். காற்று போக எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை வேண்டும். அப்படியானால் இந்த டேங்குக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது?

வண்டியை அணைத்துவிட்டு மூடியை உற்றுப் பார்த்தேன். நட்டநடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சந்தனப் பொட்டு, மேலே குங்குமம், காய்ந்து கெட்டியாக இருந்தது. ஆயுத பூஜை என்றால் எங்கள் சூப்பர்வைசருக்குத் தாராளமான கை, தண்ணீர்க் குழாயைக்கூட விடமாட்டார். சாமிக்கு வைத்ததைச் சுரண்ட மனசு பதறியது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, வளையலில் மாட்டியிருந்த ஊக்கால் சுரண்டினேன். அடியில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது.

அதற்கப்புறம் மைதானம் முழுக்க வெட்டி முடிக்கும்வரை வண்டி நிற்கவில்லை. வண்டி நிற்காமல் ஓடுவதைப் பார்த்து சூப்பர்வைசரே மைதானத்துக்கு வந்துவிட்டார்.

“என்ன அம்மணி பண்ணுன?”

“காத்து போற ஓட்டைய சந்தனம் அடைச்சிருந்துச்சுங்க சார்.”

மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அட, நாந்தான வெச்சேன்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு ஆள் என்ற பேச்சை அப்புறம் எடுக்கவேயில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், வண்டியருகே நின்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். “இதுக்கு நீயே வெச்சுரு அம்மணி. எங்க வெக்கோணும்னு உனக்குத்தான் தெரியும்.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிராணிப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

இன்றைக்கும் யாராவது தன்மையாக ‘உனக்கு வராது, விடு’ என்றால், அன்று அரைநாள் நானும் அதை நம்பியது ஞாபகம் வந்து உறுத்துகிறது. இறங்குவதற்கு முன்னால் என் கையால் ஒருமுறை திறந்து பார்த்துவிடுகிறேன்.