பதில் ஆள்

டிவியில் கோட்டு போட்ட ஒருவர் உட்கார்ந்துகொண்டு, பல ஊர்களிலிருந்து ஆயிரம் பேர் ஒன்றுசேர்ந்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் ஏன் இப்படிப் பிடித்துப்போகின்றன என்று விளக்கம் சொன்னார். படம் அசலைப் போல இருக்கிறதாம். மூளையில் ஏதோ சுரக்கிறதாம். எனக்கு எரிச்சல்தான் வந்தது. என் தம்பியின் போன் திரையில் கீறல் விழுந்து ஒரு மூலை கறுத்துக் கிடக்கிறது. சிக்னல் கிடைப்பதும் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பாறை மேல் மட்டும்தான். அசலாவது, படமாவது.

தம்பிக்கு முப்பது நெருங்குகிறது. காவலூருக்கு மேலே எங்கள் மலை ஊரில், என் வீட்டில்தான் இருக்கிறான். புளிய மரத்திலிருந்து விழுந்து இடது கால் முறிந்தது. எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. அதற்குப் பிறகு மரம் ஏற முடியவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் மேலே ஏறிக் கிளையை உலுக்குவார்கள், பெண்கள் கீழே பொறுக்குவோம். அவன் எங்களோடு உட்கார்ந்து பொறுக்குகிறான். "இன்னா மாப்ள, ஒரு புடவ எடுத்துத் தரட்டா?" என்று எதிர்வீட்டு மாமா மரத்தின் மேலிருந்து கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டுக் கேட்டு அவனும் சிரிக்கப் பழகிவிட்டான். எனக்குத்தான் அந்த மாமாவைக் கிளையோடு சேர்த்து உலுக்கலாம் போல இருக்கும்.

விளையாட்டில் அவன் ஒரு படைக்குத் தலைவன். அங்கே ஆளாளுக்கு ஒரு வேஷம். ஒருத்தி அம்பு விடுவாள், ஒருத்தன் காயத்துக்கு மருந்து போடுவான். தூத்துக்குடி, மலேசியா என்று எங்கெங்கோ இருந்து வந்து சேர்ந்தவர்கள். கேடயத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் கோட்டைக்குள் ஓடுபவன் என் தம்பி. அடியெல்லாம் அவன் மேல் விழும். அவன் தாங்கினால்தான் மற்றவர்கள் பின்னால் நுழைய முடியும்.

ஒரு நாள் சோறு ஆறுகிறதே என்று கூப்பிடப் பாறைக்குப் போனேன். போனில், அம்பு விடும் அந்தத் தூத்துக்குடிப் பெண், நீங்கள் வராமல் நாங்கள் எப்படி உள்ளே போவது, எவ்வளவு நேரம் நிற்பது என்று அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டு வாங்கிக்கொண்டு அப்படிச் சந்தோஷப்பட்ட முகத்தை நான் பார்த்ததில்லை. கோட்டுக்காரருக்கு இது எங்கே தெரியப் போகிறது? அங்கே அவன் போகாவிட்டால் வேலை நின்றுபோகும். இங்கே அவன் வராவிட்டால் கொஞ்சம் புளி குறையும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் புளி உலுக்குவது முறை வேலை. இன்று உங்கள் மரம், நாளை எங்கள் மரம். கூலி கிடையாது, சாமைச் சோறும் குழம்பும்தான். வர முடியாதவர்கள் பதில் ஆள் அனுப்பலாம். மச்சானோ, பக்கத்து ஊர்க்காரனோ, யார் வந்து செய்தாலும் அனுப்பிய வீட்டுக் கணக்குதான். யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். ஆனால் சொந்த மரம் உலுக்கும் நாளில் அந்த வீட்டார் அத்தனை பேரும் நிற்க வேண்டும். அதற்குப் பதில் ஆள் செல்லாது.

இந்தப் பங்குனியில் எங்கள் முறை வந்த அன்று வானம் கறுத்திருந்தது. நனைந்த புளியை வியாபாரி கையால் தொடமாட்டார். அன்றைக்கென்று அவனுக்குக் கோட்டைச் சண்டை.

"இன்னிக்கு வுட்டா கோட்ட போய்டும்க்கா."

"இல்லாத கோட்ட போனா போவுது. இருக்கற புளி போய்டும். போன வூட்ல வெச்சிட்டு வா."

பாறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் என்னவோ செய்துவிட்டு, போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தான். எனக்கே ஆச்சரியம். மாமா மேலிருந்து ஆரம்பித்தார், ராஜா நாட்டை விட்டுவிட்டு வந்துவிட்டாரா என்று. தம்பி தலை நிமிராமல், "நாட்டுக்கு ஆள் வுட்டுட்டுத்தான் வந்துருக்கேன் மாமா" என்றான். சிரித்தோம். நானும் வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைத்தேன்.

மழைக்கு முன்னால் புளி முழுதும் வீடு சேர்ந்தது. மழை விட்டதும் பாறைக்குப் போனவன், முகம் செத்துத் திரும்பி வந்தான். படையில் புதிதாகச் சேர்ந்த ஒருவனிடம் தன் பாஸ்வேர்டைக் கொடுத்து, தனக்குப் பதிலாகச் சண்டை போடச் சொல்லியிருக்கிறான். வந்தவன் சண்டையும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. படை முழுதும் மாதக்கணக்கில் சேர்த்துத் தலைவன் பொறுப்பில் வைத்திருந்த பொருளை எல்லாம் சுருட்டினான். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டுப் போய்விட்டான். கோட்டை விழுந்தது. தம்பியே சுருட்டிவிட்டு நாடகம் ஆடுகிறான் என்று எல்லோரும் முடிவு கட்டி, குழுவிலிருந்து அவனை எடுத்துவிட்டார்கள்.

மூஞ்சி தெரியாதவனுக்கு எவனாவது பாஸ்வேர்ட் கொடுப்பானா என்று கத்தினேன்.

"முறைக்கு ஆள் அனுப்ப மாட்டமாக்கா? வந்தவன் எவனாச்சும் வேலைய கெடுத்துட்டுப் போயி நீ பாத்துருக்கியா?"

பார்த்ததில்லை. ஏனென்றால் இங்கே கெடுத்தவன் மறுநாள் அதே குழாயடிக்கு வந்தாக வேண்டும். அங்கே அந்த முகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு முகம் மாட்டிக்கொள்ளலாம். ஒருத்தருக்கு ஒருத்தர் காத்திருப்பது, கை கொடுப்பது, வராவிட்டால் கோபிப்பது எல்லாவற்றையும் விளையாட்டைச் செய்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அதில்தான் இத்தனை பேர் போய் விழுகிறார்கள். குழாயடியை மட்டும் விட்டுவிட்டார்கள். என் ஆத்திரம் எல்லாம் அதன் மேல்தான்.

அவன் சரியாகச் சாப்பிடவில்லை. போன பொருளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "திருடன்னு நெனச்சிட்டாங்கக்கா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. அவன் போனில் நம்பர் பார்த்து, என் போனை எடுத்துக்கொண்டு பாறை மேல் ஏறி, அந்தத் தூத்துக்குடிப் பெண்ணை நானே கூப்பிட்டேன். அவள் இன்னும் சிலரையும் பேச்சில் சேர்த்தாள். யார் யார் கேட்டார்களோ தெரியாது. கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

"நான் அவன் அக்கா. மழ வருதுன்னு நான்தான் அவன புளி பொறுக்க இட்டுனு போனேன். நொண்டிக் கால வெச்சினு மரம் ஏற முடியாம பொம்பளைங்களோட குந்தினு பொறுக்கறவன். உங்கள ஏமாத்தி அவன் இன்னா மாடி வூடா கட்டப் போறான்?"

அவள் மெல்லக் கேட்டாள்: "அண்ணனுக்குக் கால் சரியில்லையாக்கா?"

அவன் அவர்களிடம் சொன்னதே இல்லை. எனக்கு அது தெரியாது. தம்பி போனைப் பிடுங்க வந்தான். அதற்குள் எல்லாம் பேசி முடிந்திருந்தது.

அவர்கள் நம்பினார்கள். மன்னிப்புக் கேட்டார்கள். புதுக் கணக்கு தொடங்கச் சொல்லி, ஆளுக்கொரு பொருள் கொடுத்து அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். திருடன் என்ற பேர் போனது. நான் கோழி அடித்துக் குழம்பு வைத்தேன்.

இப்போது கேடயம் பிடித்து முன்னால் ஓடுவது வேறு ஒருவன். தம்பியைப் பின்னால் கூடாரத்துக்குக் காவல் வைத்திருக்கிறார்கள். நீங்கள் கஷ்டப்படாதீர்கள் அண்ணா, உட்கார்ந்தபடி பாருங்கள் என்கிறார்களாம். அந்த விளையாட்டில் ஓடுவது கட்டைவிரல். அதற்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? வாய் விட்டுச் சொல்லேன்டா என்றேன். சொன்னானாம். சரிண்ணா, சரிண்ணா என்றார்களாம்.

நேற்று மத்தியானம் என்னோடு உட்கார்ந்து புளிக்கு ஓடு தட்டிக்கொண்டிருந்தான். சண்டை நேரம் தாண்டிய பிறகுதான் எழுந்து பாறைக்குப் போனான். போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டான். இன்னாடா அதுக்குள்ள என்று கேட்டேன்.

"லேட்டாத்தான் போனேன்க்கா. யாரும் திட்டல."

சொல்லிவிட்டு, ஓடு தட்ட உட்கார்ந்தான்.