காய்ச்சல் இல்லாத ஒரு நாள் லீவு

அரசு அலுவலகத்தில் இருந்த முப்பத்தொரு ஆண்டுகளில் நான் எழுதிய லீவு லெட்டர்கள் அறுபத்து நான்கு. அவற்றில் ஐம்பத்திரண்டில் எனக்குக் காய்ச்சல். உண்மையில் காய்ச்சல் வந்தது ஏழு முறைதான். கல்யாணம், காதுகுத்து, அறுவடை என்று எதற்குப் போனாலும் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்றே தொடங்குவேன். பள்ளிக்கூடத்தில் பழகிய கை. காய்ச்சல் என்றால் அதிகாரி கேள்வி கேட்கமாட்டார், வேறு எது எழுதினாலும் கேட்பார். என் மகள் பிறந்த அன்றும் கோப்பில் எனக்குக் காய்ச்சல்தான்.

ஓய்வு பெற்றபின் கடலூர் முதுநகரில் ஒரு லாரி ஆபீசில் ஆங்கிலக் கடிதம் எழுதுகிறேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். இங்கே லீவை வாட்ஸ்அப் குழுவில் கேட்கவேண்டும். மேனேஜர் 'ஓகே' போட்டால் லீவு. போன வருஷம் நான் எண்ணியவரையில் எண்பத்தொரு லீவு, அறுபத்தாறு காய்ச்சல். மொத்தம் பதினாலு பேர்தான் வேலை செய்கிறோம்.

இந்த ஆவணியில் என் மனைவிக்கு முட்டி ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார்கள். அதற்குமுன் பிச்சாவரத்தில் ஒருமுறை படகு ஏறவேண்டும் என்றாள். பக்கத்து ஊர். கல்யாணமான நாற்பத்து மூன்று வருஷத்தில் நான் அழைத்துப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவளால் நிற்கமுடியாது. வியாழன் போவதென்று முடிவு செய்தோம்.

புதன் மாலை போனில் 'கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்' என்று அடித்தேன். கைகட்டி நிற்பதுபோல் இருந்தது, அழித்தேன். 'கேன் ஐ ஹாவ் டுமாரோ ஆஃப்' என்று கேட்டால் முடியாது என்று சொல்ல நானே இடம் கொடுக்கிறேன். 'ஐ வில் பி ஆன் லீவ்' என்றால் யாரோ ஏற்கெனவே கொடுத்துவிட்டதாக ஆகிறது. நாலாவதாக 'ஐ ஆம் டேக்கிங் டுமாரோ ஆஃப்' என்று அடித்தேன். எடுத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். அனுப்பினேன்.

நாலே நிமிஷத்தில் மேனேஜர் கூப்பிட்டார். என் மகளைவிட ஆறு வயது சின்னவர், கெட்டவர் இல்லை.

"உடம்புக்கு என்னா சார்?"

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"காய்ச்சல்னு ஒரு வார்த்த சேத்து அனுப்பிடுங்க சார், ஓகே போட்டுட்றேன். இல்லாட்டி மொதலாளி வேற ஆள் பாக்கச் சொல்லுவாரு. இந்த வயசுல ஒங்கள வேற எங்க சேத்துப்பாங்க?"

வராத காய்ச்சலை எழுதமாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த மனைவி விடவில்லை.

"எல்லாரும் எழுதுறதுதானங்க. எழுதிட்டா படகு கவுந்துடுமா?"

மகள் பிறந்த அன்று நான் என்ன எழுதிக் கொடுத்தேன் என்பதை அப்போதுதான் சொன்னேன். இத்தனை வருஷமாக அவளுக்குத் தெரியாது.

"அன்னிக்குமா காய்ச்சல்னு எழுதுனீங்க?" போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். "அப்ப எழுதாதீங்க."

வியாழன் அவளைப் படகில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. சுரபுன்னை மர வேர்களுக்கு நடுவே போனபோது தண்ணீரில் கை விட்டுக்கொண்டே வந்தாள். போன் பதினோரு முறை அடித்தது. நான் எடுக்கவில்லை. யார் என்று அவளும் கேட்கவில்லை.

மறுநாள் என் மேஜையில் விளக்கம் கேட்டு ஒரு தாள் இருந்தது. எனக்கு நோய் எதுவும் இல்லை, ஒரு நாள் எடுத்துக்கொண்டு மனைவியுடன் படகில் போனேன் என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"இத எப்பிடி சார் மொதலாளிகிட்ட காட்டுறது? வேல போயிடும்."

"போனா போவட்டும். ஆனா காய்ச்சல்ல போச்சுன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

சிரிக்கக்கூடாது என்று நினைத்தும் சிரித்துவிட்டார். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை. ஒன்பது நாள் ஆகிறது. தினமும் போய் என் நாற்காலியில் உட்காருகிறேன். மறுபடி விளக்கம் கேட்டால் அதே இரண்டு வரிதான், ஒரு சொல் மாறாது.