கதவு மூடும்வரை

அடையாறில் என் தொண்டைக்குக் கதிர்வீச்சு கொடுத்த நாட்களில், என் தலை அசையாதபடி வலை முகமூடியை மாட்டி மேசையோடு பூட்டியவர் ஒரு மாணவி. வயது நாற்பத்தைந்து இருக்கும். மயிலாப்பூரில் இயற்பியல் டீச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டுக் கதிர் சிகிச்சையில் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தார். நரைத்த தலை, கழுத்தில் மாணவர் அட்டை.

ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். பூட்டிய பூட்டையே மறுபடி தொட்டுப் பார்ப்பார். கடைசியாக என் கால் கட்டைவிரலை ஒரு அழுத்து அழுத்திவிட்டு வெளியே ஓடுவார். மெஷின் ஓடும்போது நோயாளியைத் தவிர உள்ளே யாரும் இருக்கக் கூடாது; அறையின் கனத்த கதவு மெதுவாக மூடிக்கொள்ளும்.

ஒருநாள் முகமூடி மாட்டும் முன் கேட்டேன். "படிப்பு கஷ்டமா மேடம்?"

"பாடமெல்லாம் பரவாயில்ல சார். ஸ்கூல்ல பெல் அடிச்சா பசங்க ஓடுவாங்க, கடைசிப் பையன் போறவரைக்கும் நான் நிப்பேன். இங்க உங்கள பூட்டி வச்சுட்டு நான் ஓடுறேன். அதுலதான் இன்னும் பாஸாகல."

என் கடைசி நாளன்று அவர் பூட்டை ஒரே ஒருமுறை பார்த்தார். காலைத் தொடவில்லை. நிதானமாக நடந்து வெளியே போனார்.

பாஸாகிவிட்டார் போலிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்தக் கனத்த கதவு முழுதாக மூடும்வரை என் கட்டைவிரல் காத்துக்கொண்டிருந்தது.