சும்மா இருக்கும் தெரு

“பொம்பளை என்ன வேலை பண்றாங்கறத ஆம்பளைகிட்ட கேட்டு எழுதினா, அது கணக்காங்க?”

மத்தூர் ஜெயப்ரியாவைத் தெரிந்த எவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பியதில்லை. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் டீ ஆறுகிறவரை கேட்பாள். கணவன் மாதேஸ்வரன் இட்லியைப் பிட்டு வாயில் வைக்கிற நேரம் பார்த்துக் கேட்பாள். “என்னை என்னாத்துக்குக் கேக்கற, நான் என்ன கலெக்டரா?” என்பான் அவன். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவளுடைய மேற்பார்வையாளர் ராஜப்பன். அவரிடம் கேட்டால் உடனே செல்போன் காதுக்குப் போய்விடும். மணி அடித்திருக்காது.

கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, வீடு வீடாகப் போய் யார் யாருக்கு என்ன வேலை என்று பதிவது. இதுதான் ஜெயப்ரியாவின் ஒப்பந்த வேலை. கதவைத் திறப்பது ஆண். பதில் சொல்வதும் ஆண். மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஓசூரில் எந்த மொழியிலும் ஒரே பதில்தான் வரும். அதை அவள் நடித்தே காட்டுவாள். தெலுங்கு வீட்டுக்காரர் மீசையை நீவியபடி “இன்ட்லோ ஊரிகே உந்தி” என்பார். கன்னடக்காரர் நிலையில் சாய்ந்துகொண்டு “மனேலி சும்னே இத்தாளெ” என்பார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கம்பெனியில் வெல்டராக இருக்கும் தங்கதுரை, “அவ என்ன செய்யுதா, வீட்ல சும்மாதான இருக்கா” என்று முடித்துவிடுவான்.

சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் தங்கதுரையின் தெருவில் ஒரு பெண்ணும் சும்மா இல்லை. அச்சில் வார்த்த ரப்பர் வளையங்கள் கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக அங்கே வரும். ஓரத்தில் துருத்தும் பிசிறைப் பெண்கள் பிளேடால் சீவித் தரவேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. தெருமுனையில் அடையாள அட்டை தெரிந்ததும் மூட்டைகள் கட்டிலுக்கடியில் போய்விடும், மேலே ஒரு பழைய சேலை விழும். வேலை இருக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னால் மாதாமாதம் வங்கிக்கு வரும் உதவித்தொகை நின்றுவிடும் என்று பயம். கணவன் சொல்கிற ‘சும்மா’வுக்கு மனைவியும் பின்னாலிருந்து தலையாட்டுவாள்.

இந்த முறை ஜெயப்ரியாவால் அதை விடமுடியவில்லை. வேலை செய்யும் பெண்கள் அதிகமுள்ள தெருவுக்குப் பக்கத்தில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் ஒன்று திறக்கப் போகிறார்கள். எந்தத் தெரு என்பதை இந்தக் கணக்குதான் சொல்லும். தங்கதுரை வீட்டிலோ குழந்தை பிளேடுகளுக்கு நடுவே தவழ்ந்துகொண்டிருந்தது.

காலை ஷிப்ட் பஸ் ஆண்களை அள்ளிக்கொண்டு போனபிறகு அந்தத் தெருவுக்குப் போனாள். தங்கதுரையின் மனைவி வீரலட்சுமி, அவர் இல்லை, சாயங்காலம் வாருங்கள் என்றாள். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன் என்று இவள் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள். வேலை உண்டா என்று கேட்கவில்லை. நேற்று எழுந்ததிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டாள். வீரலட்சுமி தண்ணீர் பிடித்தாள், சோறு பொங்கினாள், துணி துவைத்தாள், பிறகு ஒரே தாவலில் சாயங்காலத்துக்கு வந்துவிட்டாள். நடுவில் என்ன செய்தீர்கள் என்றதற்கு, “டி.வி. பாத்தேன்” என்றாள்.

அந்த வீட்டில் டி.வி. இல்லை. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உதவித்தொகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காப்பகத்துக்குத்தான் இந்தக் கணக்கு என்று ஜெயப்ரியா விளக்கிச் சொன்னாள். வீரலட்சுமி யோசித்துவிட்டு மூட்டையை வெளியே இழுத்தாள்.

“எழுதுங்கக்கா. அவுகளுக்கு மட்டும் தெரியவேண்டாம். பொண்டாட்டி சம்பாத்தியத்துல திங்கான்னு பேசுவாவ.”

பக்கத்து வீடுகளுக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள். சாயங்காலத்துக்குள் அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் டேப்லெட்டில் வேலை செய்யும் பெண்கள் ஆகிவிட்டார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் அந்தத் தெரு கம்ப்யூட்டரில் சிவப்பாக நின்றது. ராஜப்பன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஏம்மா, போன ரவுண்டுல ஒருத்தரும் இல்ல, இந்த ரவுண்டுல எல்லாரும் வேலை பண்றாங்களா? சிஸ்டம் எரர்னு காட்டுது. நான் மேல என்னன்னு சொல்வேன்?”

போன ரவுண்டுதான் சார் எரர் என்றாள் ஜெயப்ரியா. பொய்யை ஒரு சந்தேகமும் இல்லாமல் வாங்கிக்கொண்ட கம்ப்யூட்டர், உண்மையைத் திருப்பி அனுப்புகிறதே என்றும் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. ஆனால் விதிப்படி வேறொரு ஆள் போய்ச் சரிபார்க்க வேண்டும். ஜெயப்ரியாவைப் போலவே கணக்கெடுக்கிற மாதவனை அனுப்பினார். எல்லாரும் வீட்டில் இருக்கிற நாளாகப் பார்த்து மாதவன் ஞாயிற்றுக்கிழமை போனான். எல்லாரும் இருந்தார்கள். ஆண்கள் கதவைத் திறந்தார்கள், மூன்று மொழியிலும் ‘சும்மா’ என்றார்கள், பின்னால் பெண்கள் தலையாட்டினார்கள். கம்ப்யூட்டரில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது. காப்பகம், பெண்கள் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகும் வேறொரு பேட்டைக்குப் போனது.

கோபத்தை அடக்கமுடியாமல் ஜெயப்ரியா வீரலட்சுமி வீட்டுக்குப் போனாள். நன்றாகத் திட்டிவிட்டு வருவதாகத்தான் எண்ணம். குழந்தையின் உள்ளங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

“அவுக பக்கத்துல நின்னாகளேக்கா” என்றாள் வீரலட்சுமி. திட்ட வந்தவள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

அடுத்த ரவுண்டுக்கு ஆள் பிரிக்கும்போது அதே தெருவை ராஜப்பன் மாதவனுக்கே கொடுத்தார். ஜெயப்ரியா ஏன் என்றாள். அந்தத் தெருவில் வேலை செய்கிற பெண்களே இல்லை, டேட்டா தெளிவாக இருக்கிறது, விட்டுவிடும்மா என்று தன்மையாகத்தான் சொன்னார்.

ஜெயப்ரியா டேப்லெட்டை அவர் மேசைமேல் வைத்தாள்.

“சரிங்க சார், விட்டுடறேன். அடுத்த ரவுண்டுல ஒரே ஒரு கேள்வி மட்டும் சேத்துக்குங்க. யாருமே வேலை செய்யாத தெருவுல, தவழற கொழந்தை கைய பிளேடு எப்பிடிக் கிழிச்சதுன்னு கேளுங்க. அதையும் ஞாயித்துக்கெழமையே போயி, ஆம்பளைங்ககிட்டயே கேளுங்க.”